பதினாலு கவர்

எந்த ஆராய்ச்சிக் கட்டுரையையும் அவள் வாலிலிருந்துதான் படிக்க ஆரம்பிப்பாள். கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தில் யார் யாருக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள், உடற்பயிற்சி சைக்கிளைச் சும்மா கொடுத்த கம்பெனி எது, எழுதியவர்களில் யார் அந்தக் கம்பெனிக்கு ஆலோசகர் என்று முதலில் பார்ப்பாள். அப்புறம் நடுப்பக்கத்துக்குத் தாவி, கட்டம் கட்டமாக வரைந்த படத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று விரல் வைத்து எண்ணுவாள். முடிவுரை என்ற பகுதியை மட்டும் தொடவே மாட்டாள். "அது மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாப்பிள்ளையைப் பத்திச் சொல்றது. அதைக் கேட்டு என்ன ஆகப்போகுது?" என்பாள்.

அவள் வேலை பார்க்கும் மூன்றாவது மாடியில் யாரும் நோயாளியைத் தொடுவதில்லை, ஊசியையும் தொடுவதில்லை. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி உலகத்தில் வந்திருக்கும் ஆராய்ச்சிகளையெல்லாம் வாரிக் கொட்டி, எது தேறும் எது தேறாது என்று பிரிப்பதுதான் அங்கே பிழைப்பு. இந்த வருஷத்துக் கேள்வி, மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருக்கும் பெண்களுக்கு உடற்பயிற்சி உண்மையிலேயே உதவுகிறதா என்பது. நூற்றுப் பதினெட்டு ஆராய்ச்சிகள் வந்து குவிந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஏழு கட்டம் போட்ட ஒரு படிவம். நம்பலாம் என்றால் பச்சை, சந்தேகம் என்றால் மஞ்சள், நம்பக்கூடாது என்றால் சிவப்பு. அவளுடைய சிவப்புப் பென்சில் கட்டைவிரல் நீளத்துக்குத் தேய்ந்துவிட்டது. பச்சைப் பென்சில் கடையில் வாங்கிய நாளின் கூர்மை மாறாமல் டப்பாவில் ஓய்வெடுக்கிறது.

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் சல்லடை. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், ஆனால் அவளுக்குத் தெரியும். கோபமெல்லாம் இல்லை. "மாவு கீழே போயிடும், தவிடுதானே மேல தங்கும்? என் மேஜையைப் பாருங்க, எவ்வளவு தங்கியிருக்குன்னு" என்று காகிதக் குவியலைத் தட்டிக் காட்டுவாள். நாற்பத்தாறு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "வந்த எல்லாமே மஞ்சள்" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள்.

ஒரே கட்டுரையை இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும், வண்ணம் தீட்டி முடிக்கும்வரை ஒருவரோடொருவர் அதைப் பற்றி மூச்சுவிடக்கூடாது என்பது அந்த அலுவலகத்தின் சட்டம். அவளுக்கு வாய்த்த இரண்டாவது ஆள் எதிர் மேஜைக்காரர். ஓய்வுபெற மூன்று வருஷம் இருக்கிறது. எல்லாருக்கும் பச்சை போடுகிற புண்ணியவான். அவருக்குத் தாராளம் என்று பெயர் வைத்தவள் இவள்தான். வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் படிவங்களை அருகருகே வைத்து ஒப்பிடுவார்கள். மற்ற மேஜைக்காரர்கள் டீயை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாக வந்து நிற்பார்கள்.

"பாவம் மேடம், மூணு வருஷம் உழைச்சிருக்காங்க" என்பார் தாராளம்.

"உழைச்சதுக்கு நான் என்ன சார் பண்ண? அறுபத்திரண்டு பேர் உள்ளே போயிருக்காங்க, நாப்பத்தொரு பேர் வெளியே வந்திருக்காங்க. மிச்சப் பேர் எங்கேன்னா 'சொந்தக் காரணங்கள்'. எந்திரிக்கவே முடியாம நின்னுபோனவங்களா இருந்தா? நடக்க முடிஞ்சவங்களை மட்டும் வெச்சுக்கிட்டு நடந்தா நல்லதுன்னு சொல்றாங்க. பாஸானவங்களை மட்டும் கேட்டுட்டுப் பரீட்சை ஈஸின்னு சொல்ற மாதிரி இருக்கு."

படிவத்தின் மூன்றாவது கட்டம் அவளுக்கு ரொம்பப் பிடித்தமானது. எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பது நோயாளிக்குத் தெரியாமல் மறைத்தார்களா என்பது கேள்வி. மாத்திரை என்றால் மறைக்கலாம், போலி மாத்திரை கொடுத்துவிடலாம். நடையை எப்படி மறைப்பது? "தூக்கத்துல நடக்குறவங்களை மட்டும் சேர்த்தாத்தான் இதுக்குப் பச்சை கிடைக்கும்" என்று சொல்லிக்கொண்டே சிவப்பைத் தீட்டுவாள். நடக்க வேண்டாம் என்று ஒதுக்கிவைத்த குழுவிலும் பாதிப் பேர் திருட்டுத்தனமாக நடந்திருப்பார்கள். "நடக்காதேன்னு சொன்னா எந்தப் பொம்பளை கேப்பா?" என்று அதற்கும் ஒரு சிவப்பு.

இந்த வேடிக்கைகளையெல்லாம் அவள் அலுவலகத்தோடு விட்டுவிடவில்லை. பத்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு அக்கா வீட்டில்தான். அந்த வாரம் எந்த ஆராய்ச்சி எப்படிக் கிழிந்தது என்பதைச் சாப்பாட்டு மேஜையில் நடித்துக் காட்டுவாள். அத்தானுக்குப் பாதி புரியாது. அக்காதான் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிப்பாள்.

அக்கா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். இருபத்திரண்டு வருஷமாக இடது பக்கம், வலது பக்கம் என்று அடுத்தவர்களை அதட்டி வளர்த்த குரல். கற்றுக்கொடுக்கிறவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும் வண்டியில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்ததால், அடுத்தவர் ஓட்டும் எந்த வண்டியில் ஏறினாலும் அவளுடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும். போன வருஷக் கடைசியில் குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஆபரேஷன் முடிந்தது. இப்போது மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றுகிறார்கள். ஆறில் மூன்று முடிந்திருக்கிறது. முடி போனதைப் பற்றி அக்கா கவலைப்படவில்லை, ஹெல்மெட் போட வசதி என்றாள். மூன்றாவதற்குப் பிறகு சோபாவில் படுத்தவள்தான், அப்புறம் எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு தாள் கொடுத்திருந்தாள். முடிந்தபோது எழுந்து கொஞ்சம் நடங்கள், கட்டாயமில்லை, காய்ச்சல் இருந்தால் வேண்டாம் என்று படத்தோடு போட்ட தாள். அது சோபா பக்கத்து முக்காலியில் தண்ணீர் டம்ளருக்கு அடியில் கிடந்தது. வட்ட வட்டமாகக் கறை பிடித்துப் படத்திலிருந்த பெண்ணுக்கு முகமே போய்விட்டது.

"தாளைப் படிச்சியாக்கா?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சல்லடை கேட்டாள்.

அக்கா கண்ணைத் திறக்காமலே பேசினாள். "பத்து வருஷமா இந்த வீட்ல உக்காந்துகிட்டு என்ன சொன்னே? இந்த ஆராய்ச்சியெல்லாம் ஓட்டைன்னே. பாதிப் பேர் நடுவுல ஓடிப்போயிடறாங்கன்னே. நல்லா இருக்கிறவளைப் பொறுக்கி எடுத்து நடக்க விட்டுட்டு, நடந்ததாலதான் நல்லா இருக்கான்னு எழுதறாங்கன்னு நீதானேடி சொன்னே? நான் விழுந்து விழுந்து சிரிச்சேனே. இப்ப எனக்குன்னு வந்ததும் அதெல்லாம் திடீர்னு நிஜமாயிடுச்சா?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் என்ன என்பது அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. 

"எல்லாமே ஓட்டைன்னு சொல்லலக்கா. களைப்பு கொஞ்சம் குறையலாம். மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குறது குறையலாம். அந்த அளவுக்கு நம்பலாம்."

"குறைய'லாம்'."

"ஆமா. லாம்தான்."

"பிரேக்கை மிதிச்சா வண்டி நிக்க'லாம்'னு நான் சொல்லிக்கொடுத்தா எவன்டி என் வண்டியில ஏறுவான்?" அக்காவின் வலது கால் போர்வைக்குள்ளே ஒரு மிதி மிதித்தது. அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "சரி, இதைச் சொல்லு. நடந்தா திரும்ப வராம இருக்குமா?"

சல்லடை டம்ளரைத் தூக்கி, அடியிலிருந்த தாளை உருவினாள். "தெரியலக்கா. நடக்குறதால நல்லா இருக்காங்களா, நல்லா இருக்கிறதால நடக்குறாங்களான்னு இன்னும் ஒழுங்காப் பிரிச்சுப் பார்க்கல."

"அப்ப நான் படுத்துக்கறேன்" என்று அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அத்தான் குழாயை நிறுத்திவிட்டு, உள்ளே வந்த சல்லடையின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் யார் கையையும் பிடிக்கிற ஆள் இல்லை. "ஒரு பொய் சொல்லேம்மா. நடந்தா திரும்ப வரவே வராதுன்னு சொல்லிடேன். நான் சொன்னா நம்பமாட்டா, டாக்டர் சொன்னாலும் நம்பமாட்டா. நீ சொன்னா எந்திரிச்சிடுவா. டாய்லெட்டுக்குப் போயிட்டு வர்றதுக்கே சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்குறா. இன்னும் மூணு மருந்து இருக்கு. இப்படியே கிடந்தா அதைத் தாங்குவாளா?"

"நான் அவகிட்டப் பொய் சொல்லி நாளைக்கு வந்துடுச்சுன்னா என்ன அத்தான் பண்றது? நடந்தது போதலன்னு நினைச்சுச் சாவா."

அத்தான் கையை விட்டுவிட்டார். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினார்.

மறுநாள் அலுவலகத்தில் எண்பத்தேழாவது கட்டுரை. வழக்கம்போல வாலில் ஆரம்பித்து, நடுப்பக்கத்துப் படத்துக்குத் தாவி விரல் வைத்தாள். சேர்ந்தவர்கள் ஐம்பத்து நான்கு. அதிலிருந்து பிரிந்து போகும் ஒரு சின்னக் கட்டம். விலகியவர்கள் ஒன்பது: தொடர்புகொள்ள முடியாதவர்கள் நான்கு, விருப்பமில்லாதவர்கள் மூன்று, இறந்தவர்கள் இரண்டு. இந்தக் கட்டத்தை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். ஒன்பதை ஐம்பத்து நான்கால் வகுத்து, சதவீதம் போட்டு, வண்ணம் தீட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவாள். அன்றைக்கு விரல் நகரவில்லை. விருப்பமில்லாத மூன்று பேர் எந்த வீட்டுச் சோபாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள் என்று யோசித்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. அக்கா இல்லாத ஞாயிற்றுக்கிழமை எப்படியிருக்கும் என்று அதுவரை அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் அக்காவிடம் போய் அழுதிருப்பார்கள், அல்லது அத்தான் கேட்ட பொய்யைச் சொல்லியிருப்பார்கள். சல்லடை ஓர் ஆராய்ச்சி செய்யக் கிளம்பினாள். ஒரே ஒரு நோயாளி. பதினாலு நாள். பதினாலு கவர். ஏழில் 'நடை' என்று எழுதிய சீட்டு, ஏழில் 'ஓய்வு'. தினமும் காலையில் அக்கா ஒரு கவரைப் பிரிக்க வேண்டும், அதில் உள்ளபடி செய்ய வேண்டும். சாயங்காலம் களைப்புக்குப் பத்துக்கு மதிப்பெண் சொல்ல வேண்டும். நர்ஸிடம் போனில் அனுமதியும் வாங்கிவிட்டாள். "நடந்தாலும் சரி, படுத்தாலும் சரிங்க, அவங்க இஷ்டம்தான்" என்றாள் நர்ஸ், யாரோ கொஞ்சம் கழன்ற கேஸ் என்று முடிவுகட்டிய குரலில்.

சீட்டுகளின் வரிசையைத் தீர்மானிக்க நாணயம் சுண்டியவர் தாராளம். அந்த நேரத்தில் இவள் கண்ணை மூடிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாள். அவர் வரிசையாக மடித்துக் கொடுத்த ஒவ்வொரு சீட்டையும் பிரித்துப் பார்க்காமல் சமையலறை அலுமினியத் தாளில் சுற்றித் தடித்த பழுப்புக் கவரில் போட்டு ஒட்டினாள். பல ஆராய்ச்சிகளில் கவரை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து உள்ளே இருப்பதைப் படித்துவிடுவார்களாம். அந்தக் குற்றத்துக்காக மட்டும் அவள் பதினோரு கட்டுரைகளுக்குச் சிவப்பு போட்டிருக்கிறாள். ஆகவே தன்னுடைய பதினாலு கவரையும் ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு சோதித்தாள்.

அக்கா ஒத்துக்கொண்டது ஆச்சரியம்தான். "என்னை வெச்சு ஆராய்ச்சியா? எப்படியும் கடைசியில சிவப்புதானே போடுவே" என்று கவர்க் கட்டை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். சாயங்காலம் ஏழு மணிக்கு போன்.

"பத்துக்கு எவ்வளவுக்கா?"

"ஆறே முக்கால்."

"முழு எண்ணாச் சொல்லு."

"ஆறே முக்கால்னா ஆறே முக்கால்தான். கவர்ல எதுக்குடி அலுமினியத்தைச் சுத்தி வெச்சிருக்கே? டார்ச் அடிச்சுப் பார்த்தாலும் ஒரு மண்ணும் தெரியல."

பதினாலு கவரும் தீர்ந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அத்தான் அவளை வாசலிலேயே மடக்கினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, கைக்கு அடியில் மறைத்து எடுத்துவந்த காலண்டரைக் காட்டினார். மனிதர் யாரும் சொல்லாமலே தினமும் டிக் போட்டு வைத்திருந்தார்.

"உன் சீட்டு ஏதோ கோளாறும்மா. 'நடை'ன்னு வந்தா இவ போர்வையை இழுத்துப் போத்திக்கிறா. ஏழு நாள்ல ரெண்டு நாள்தான் நடந்தா, அதுவும் வாசல் வரைக்கும். 'ஓய்வு'ன்னு வந்த அன்னைக்குத்தான் கூத்து. 'ஓய்வாம் ஓய்வு, எனக்கு லீவு குடுக்க இவ யாரு'ன்னு செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடறா. ஏழுல ஆறு நாள் போயிட்டா. நேத்து அந்த மைதானம் வரைக்கும் போயிட்டோம்மா, அவ ரிவர்ஸ் சொல்லிக்கொடுப்பாளே, அங்கே. யாரோ ஒருத்தர் வண்டியைப் பின்னால எடுத்துக்கிட்டிருந்தாரு. இவ ஓரத்துக் கல்லுல உக்காந்துகிட்டு 'ஸ்டியரிங்கை ஒடிங்க சார், ஒடிங்க, ஒடிங்க'ன்னு கத்துறா. அந்த ஆள் பயந்து வண்டியை ஆஃப் பண்ணிட்டாரு."

சொல்லி முடிக்கும்போது அத்தானுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. உள்ளே போனால் அக்கா சோபாவில் உட்கார்ந்திருந்தாள். படுக்கவில்லை, உட்கார்ந்திருந்தாள். சல்லடை எதையும் கேட்காமல் சாப்பிட உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை தன் ஆராய்ச்சிக்குத் தானே படிவம் போட்டாள். கருணையே காட்டவில்லை. நாணயம் சுண்டியவர் ஆராய்ச்சியாளரின் நண்பர்: சிவப்பு. கவரை டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார்கள்: சிவப்பு. நடந்தவருக்குத் தான் நடந்தது தெரியும்: சிவப்பு. மதிப்பெண் கேட்டவள் சொந்தத் தங்கை: சிவப்பு. மதிப்பெண்ணே முழு எண்ணில் இல்லை: சிவப்பு. சீட்டில் எழுதியதற்கு நேர்மாறாக நடந்திருக்கிறார்கள்: இரண்டு சிவப்பு போட இடமிருந்தால் போட்டிருப்பாள். ஏழாவது கட்டம், இடையில் விலகியவர்கள். அதைக் காலியாக விட்டுவிட்டாள்.

தாராளமும் அதே ஆராய்ச்சிக்குத் தனியாக ஒரு படிவம் போட்டிருந்தார். வியாழக்கிழமை இரண்டையும் பக்கத்தில் வைத்தார்கள். அவர்கூட ஆறு சிவப்பு போட்டிருந்ததைப் பார்த்து, டீயோடு நின்றவர்கள் அசந்துபோனார்கள். ஏழாவதில் மட்டும் பச்சை.

"இதுக்கு எப்படி சார் பச்சை?"

"ஒரு ஆள் சேர்ந்தாங்க. ஒரு ஆள் இருக்காங்களே மேடம்." அப்புறம் அவள் படிவத்தைச் சுட்டிக் காட்டினார். "காலியா விடக்கூடாது. நீங்கதான் எல்லாருக்கும் சொல்வீங்க."

சட்டம் சட்டம்தான். அவள் டப்பாவைத் திறந்து பச்சைப் பென்சிலை எடுத்துத் தீட்டினாள். கூர் புதிதாக இருந்ததால் தாள் லேசாகக் கிழிந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அக்காவே போன் செய்தாள். "என்னடி வந்துச்சு ரிசல்ட்டு?"

"ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா."

"உனக்கு என்னைக்குத்தான் சொல்ல முடிஞ்சிருக்கு? ரத்தம் குறைச்சலா இருக்குன்னு ரெண்டு வாரம் தள்ளிப்போட்டாங்களே, அந்த நாலாவது மருந்து வர்ற செவ்வாய். அடுத்த பதினாலு கவரைக் கொண்டா. அதுல என்னதான் வருதுன்னு பார்க்கறேன்."

வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில், அவள் மேஜையில் தாளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். பழுப்புக் கவர்கள் பதினாலு, அலுமினியத் தாள், கத்தரிக்கோல், பசை. தாராளம் சட்டைப் பையிலிருந்து நாணயத்தை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"சுண்டட்டுமா மேடம்? நீங்க திரும்பிக்கறீங்களா?"

"வேண்டாம் சார்" என்றாள்.

 அவள் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, நாணயத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு, இருபது வருஷத்துச் சட்டத்தை மதித்து ஒன்றும் பேசாமல் இரும்பு அலமாரிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

முதல் சீட்டில் 'ஓய்வு' என்று எழுதியிருந்தாள். இரண்டாவதிலும் 'ஓய்வு'. பதினாலு சீட்டிலும், அச்சடித்த மாதிரி, அதே சொல்லை எழுதினாள். ஒவ்வொன்றையும் அலுமினியத் தாளில் மடித்து, கவரில் போட்டு, ஓரம் பிசகாமல் ஒட்டினாள். பிறகு ஜன்னலுக்குப் போய், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, பதினாலு கவரையும் ஒவ்வொன்றாக வெயிலில் தூக்கிப் பிடித்து, உள்ளே ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தாள்.